எழுத்து நடந்த பாதை – 9: எழும்பூர் மணல்

பல்லாரி ஜில்லாக் கலெக்டர் ஏ. டி. கேம்ப்பெல் 1823 ஆகஸ்டில் சென்னைக்கு அனுப்பிய அறிக்கையில், ஒரு பள்ளிக்கூடம் காலையில் கூடும் காட்சி இருக்கிறது. ஆறு மணி. முதலில் வந்து சேர்ந்த பையனின் உள்ளங்கையில் வாத்தியார் சரஸ்வதியின் பெயரை எழுதுகிறார். இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழியம் போடுகிறார். அவனுக்குப் பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்குப் பிரம்பால் மெல்ல ஒரு தட்டு. நான்காமவனுக்கு இரண்டு. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கூடிக்கொண்டே போகும்.

பல்லாரி கன்னடமும் தெலுங்கும் பேசும் சீமை. ஆனாலும் அந்தத் திண்ணைப் பள்ளியைத் தூக்கிக் கொண்டுவந்து தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வைத்தால் ஊர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. பாடத்தின் மொழி மாறும், சுவடியின் பெயர் மாறும். பிரம்பும் மணலும், மற்றப் பிள்ளைகளை மேய்க்கும் சட்டாம்பிள்ளையும் மாறமாட்டார்கள்.

சென்ற இதழில் பனையோலையையும் எழுத்தாணியையும் பார்த்தோம். ஓலை கைக்கு வருவதற்கு முன்பு ஒரு குழந்தை எழுத்தை எங்கே சந்தித்தது என்பதை இப்போது பார்க்க வேண்டும். அந்த இடம் மணல். எழும்பூரில் ஒரு பாதிரியார் கண்ணில் பட்ட அந்த மணல், பிறகு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் வரை போனது. போகும் வழியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஐந்து வயதில், நல்ல நாள் பார்த்து, பிள்ளையாரைக் கும்பிட்டு, பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுதவைப்பார்கள். மறுநாளிலிருந்து அரிசிக்குப் பதில் மணல். வாத்தியார் மணலில் ஓர் எழுத்தைப் பெரிதாக எழுதுவார். பையன் அதன் மேலேயே சுட்டுவிரலை ஓட்டுவான். ஓட்டும்போதே அந்த எழுத்தின் ஒலியை உரக்கச் சொல்வான். சொல்லி எழுதி, எழுதிச் சொல்லி, மணலைத் தடவி அழித்துவிட்டு மறுபடி எழுதுவான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேரும் அதையே செய்துகொண்டிருப்பார்கள். தெருமுனையில் வரும்போதே பள்ளிக்கூடம் காதில் விழும்.

விரலும் வாயும் காதும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்தில் வேலை செய்யும் ஏற்பாடு இது. வாசிப்பு ஒரு பாடம், எழுத்து ஒரு பாடம் என்ற பிரிவினையே இங்கே கிடையாது. எழுதியது படிந்தால் வாசிப்பு தானாக வரும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருந்தது. தமிழுக்கு அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தியது. 247 எழுத்துகள் என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் 12 உயிரும் 18 மெய்யும் கைவசமானால், மீதி உயிர்மெய்கள் குறியீடுகளைச் சேர்த்துப் பழகும் வேலைதான். எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியும். வல்லின எழுத்துகள் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுமே என்றால், அது பேசத் தெரிந்த குழந்தையின் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதி.

இந்த மணலை வெளியூர்க்காரர்கள் முன்பே பார்த்து வியந்திருக்கிறார்கள். 1623இல் கன்னட நாட்டின் இக்கேரியில், இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே கோயில் தாழ்வாரத்தில் சில சிறுவர்களைக் கண்டார். தரையில் மெல்லிய மணலைத் தூவி, கணக்குப் பாடத்தை ராகம் போட்டுச் சொன்னபடியே விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் அங்கே இல்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். தெல்லா வாலே அவர்களிடம் நின்று பேசி, முறையைக் கேட்டு எழுதிவைத்தார்.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு இன்னும் ஒரு படி மேலே போனார். தமிழ் கற்க வேண்டும். அச்சிட்ட பாடநூல் கிடையாது. ஒரு முதிய வாத்தியாரை அவருடைய பிள்ளைகளோடு தன் வீட்டுக்கே வரவழைத்துப் பள்ளியை நடத்தச் சொன்னார். இருபத்து நான்கு வயது ஜெர்மானியப் பாதிரியார் அந்தக் குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அகரம் எழுதினார். பின்னாளில் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சேற்றிய கை அது. திண்ணைப் பள்ளியின் கற்பிக்கும் திறனுக்கு இதைவிட நல்ல நற்சான்று எனக்குத் தெரியவில்லை.

இனி எழும்பூருக்கு வருவோம்.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர்க்காரர், 1753இல் பிறந்தவர். இளமையில் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிவிட்டுத் திரும்பியவர். 1787இல் சென்னைக்கு வந்தார். கிழக்கிந்தியக் கும்பினிப் படைப்பிரிவுகள் பலவற்றுக்கு ஒரே நேரத்தில் பாதிரியாராக இருந்து நல்ல வருமானம் பார்த்தார். 1789இல் எழும்பூர்க் கொத்தளத்தில், இன்று ரயில் நிலையம் இருக்கும் பகுதியில், கும்பினிச் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்காக ஆண்கள் காப்பகம் என்ற விடுதிப் பள்ளி தொடங்கியது. அதன் மேற்பார்வையை அவர் சம்பளம் வாங்காமல் ஏற்றுக்கொண்டார். பையன்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். இரு தரப்பும் கைகழுவிய பிள்ளைகள். அவர்களை ஆளாக்க வேண்டும் என்பதில் பெல் உண்மையான அக்கறையோடு இருந்தார். அதைச் சந்தேகிக்க இடமில்லை.

அவருக்கு வாய்த்த உதவி ஆசிரியர்கள்தான் தலைவலி. ஆங்கில அகரவரிசையைக் கற்பிக்கவே மாதக்கணக்கில் இழுத்தார்கள். ஒருநாள் காலை குதிரையில் போய்க்கொண்டிருந்த பெல், வழியில் ஒரு 'மலபார்' பள்ளிக்கூடத்தைக் கண்டார். அன்றைய ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றே எழுதினார்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெல் குதிரையைத் திருப்பி நேரே பள்ளிக்கு வந்து, கடைசி வகுப்புக்கு இனி மணலிலேயே எழுத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். வகுப்பு ஆசிரியர் நடக்காது என்றார். பலமுறை சொல்லியும் அசையவில்லை.

அப்போது பெல் ஒரு காரியம் செய்தார். மேல் வகுப்பில் படித்த ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, அந்த வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். சாதாரணச் சிப்பாயின் மகன். ஆசிரியரால் முடியாது என்று சொன்னதை அந்தப் பையன் செய்து காட்டினான். அதைக் கண்ட பெல், அடுத்தடுத்த வகுப்புகளையும் பையன்களிடமே கொடுத்தார். ஏறக்குறைய 200 பிள்ளைகள் படித்த பள்ளி, பிள்ளைகளாலேயே நடக்கத் தொடங்கியது.

மணலை மலபார்ப் பிள்ளைகளிடமிருந்து எடுத்தேன் என்று பெல் ஒளிக்காமல் எழுதினார். பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையோ தம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று கடைசிவரை நின்றார். இது நியாயமா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

திண்ணைப் பள்ளியில் ஒரே வாத்தியார், நாற்பது ஐம்பது பிள்ளைகள், ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாடத்தில். ஒருவன் மணலில் அகரம் எழுதுவான், ஒருவன் எண்சுவடி ஒப்பிப்பான், இன்னொருவன் ஓலையில் கடிதம் எழுதப் பழகுவான். அத்தனை பேரையும் ஒருவர் மேய்க்க முடியாது. பெரிய பையன்களில் கெட்டிக்காரன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக வைத்துக்கொள்வார்கள். வாத்தியார் சாப்பிடப் போனாலும், பத்திரம் எழுத ஊருக்குள் போனாலும், சட்டாம்பிள்ளை பாடம் கேட்பான். பிரம்பும் அவன் கையில் இருக்கும். கேம்ப்பெல் தம் அறிக்கையில் இதைக் கண்டு பாராட்டியிருக்கிறார். குறைந்த செலவில் எழுதக் கற்பிப்பதும், முன்னேறிய பிள்ளைகள் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் போற்றத்தக்கவை. இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகுதியறிந்து செய்த செயல் என்று அவர் எழுதினார். கும்பினியின் கலெக்டரே முறை யாருடையது என்று முடிவு சொல்லிவிட்டார். குதிரை மேலிருந்து மணலைக் கண்ட மனிதரின் கண்ணில், அந்த மணலுக்குப் பக்கத்தில் பிரம்போடு நின்ற சட்டாம்பிள்ளை விழவில்லை என்று நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. அதேசமயம், சட்டாம்பிள்ளையை வகுப்புதோறும் நிறுத்தி, ஒவ்வொருவனுக்கும் இன்ன வேலை என்று வகுத்து, பதிவேடு வைத்து, ஒரு பள்ளி முழுவதையும் அந்த ஒழுங்கில் ஓட்டிக் காட்டியவர் பெல்தான். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

1796இல் பெல் கப்பலேறினார். மறுவருஷம் லண்டனில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். சென்னை ஆண்கள் காப்பகத்தில் செய்த கல்விச் சோதனை என்பது தலைப்பு. ஒரு பள்ளியோ குடும்பமோ மேற்பார்வை ஒன்று இருந்தால் தனக்குத் தானே கற்பித்துக்கொள்ளலாம் என்று துணைத்தலைப்பு சொன்னது. 1798இல் லண்டன் ஆல்ட்கேட்டின் செயின்ட் பொட்டால்ஃப் பள்ளியில் முறை நடைமுறைக்கு வந்தது. 'மெட்ராஸ் சிஸ்டம்' என்று பெயரே நிலைத்தது.

அதே 1798இல், லண்டனின் சவுத்வார்க்கில் ஜோசப் லங்காஸ்டர் என்ற இருபது வயது குவேக்கர் இளைஞர் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்தார். உதவியாளருக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் அவரும் பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்பித்தார். 1803இல் எழுதிய நூலில் பெல்லுக்கு நன்றியும் சொன்னார். பிறகு இங்கிலாந்து திருச்சபைக்காரர்கள் பெல் பின்னாலும், திருச்சபைக்கு வெளியே இருந்தவர்கள் லங்காஸ்டர் பின்னாலும் அணிவகுத்தார்கள். யார் முதலில் கண்டுபிடித்தார் என்று துண்டுப்பிரசுரங்கள் பறந்தன. 1811இல் பெல் தரப்பில் தேசியச் சங்கம் உருவானது. இரு தரப்பும் போட்டி போட்டுக்கொண்டு ஊரூராகப் பள்ளி திறந்தன. பிரான்ஸ், ரஷ்யா, அமெரிக்கா, தென்னமெரிக்கா என்று முறை பரவியது. இந்தச் சண்டையின் விவரங்களில் நான் நுழையப்போவதில்லை. இருவரில் யாரும் ஒரு தமிழ் வாத்தியாரின் பெயரைக்கூடக் கேட்டு எழுதிவைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போகிறேன்.

லங்காஸ்டரின் பள்ளியைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பெரிய கூடம். ஒரே ஆசிரியர் 1,000 பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டார். ஆசிரியர் ஒரு மேடையில். கீழே நீள வரிசைகளில் பிள்ளைகள். வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை. முதல் வகுப்புக்கு மரச் சட்டம் போட்ட மணல் மேசை. கட்டளை ஒலித்ததும் அத்தனை விரல்களும் ஒரே எழுத்தை எழுதும். சட்டாம்பிள்ளை பார்த்துவிட்டு ஒரு தட்டைக் கருவியால் மணலை நிரவிவிடுவான்; அடுத்த எழுத்து. வாசிப்புக்குப் புத்தகம் வாங்கவில்லை. பாடத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டி, அதைச் சுற்றி அரைவட்டமாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒரு தாளில் ஒரு பள்ளியே படித்தது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சில ஷில்லிங்குகளே செலவு.

அடிப்பது தவறு என்று லங்காஸ்டர் எண்ணினார். அதற்குப் பதிலாக அவமானத்தைத் தண்டனையாக்கினார். குற்றம் செய்த பையனைக் கூடையில் உட்காரவைத்து, பள்ளி முழுவதும் பார்க்கக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். நம் திண்ணையிலும் கூரைக்கு வேலை இருந்தது. இரு கைகளையும் கட்டிக் கயிற்றில் தொங்கவிடுவதற்குக் கோதண்டம் என்று பெயர். பல்லாரிப் பள்ளிகளில் அதைக் கண்டு கேம்ப்பெல்லும் எழுதியிருக்கிறார். குழந்தைகளை வதைப்பதில் இரண்டு நாடுகளும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல.

தண்டனையைவிட எனக்குப் பெரிதாகப் படும் வேறுபாடு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் எழுத்து 26தான். ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சில நாளில் மணலில் எழுதிப் பழகிவிடும். ஆனால் அந்த 26ஐ வைத்துக்கொண்டு ஒரு சொல்லை வாசிப்பது வேறு மலை. ஒரே எழுத்து சொல்லுக்குச் சொல் வேறு ஒலி கொடுக்கும்; ஒலிக்காமலே நிற்கும் எழுத்தும் உண்டு. தமிழில் பாதி வழி கொண்டுபோய்விடும் மணல், ஆங்கிலத்தில் வாசலோடு நின்றுவிட்டது. அதனால் மணலுக்குப் பிறகு அசை அசையாகப் பிரித்த சொற்பட்டியல்களை மாதக்கணக்கில் ஒப்பிக்க வேண்டியதாயிற்று. கருவி கப்பலேறியது, அது எந்த மொழியின் எழுத்துமுறைக்காகப் பிறந்ததோ அந்தப் பொருத்தம் கூடப் போகவில்லை.

நோக்கமும் கூடப் போகவில்லை. திண்ணைப் பள்ளிக்கு வந்த பையன் எழுதவும் கணக்குப் போடவும்தான் வந்தான். எண்சுவடியைப் புரட்டினால் தெரியும். முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. கால், அரைக்கால், மாகாணி என்று பின்னங்களைப் பெருக்கி, கூட்டி, தலைகீழாகச் சொல்வான். நெல்லுக்கு ஆழாக்கு, உழக்கு, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம். நிலத்துக்குக் குழிமாற்று. வயலைப் பங்கு பிரிக்கவும், குத்தகை நெல்லை அளக்கவும், கடன் ஓலை எழுதவும், எழுதியதில் ஏமாற்று இருந்தால் கண்டுபிடிக்கவும் அந்தப் படிப்பு வேண்டும். ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் உலகநீதியும் மனப்பாடமாகும். பிழைப்பு எண்சுவடியில் இருந்தது.

இங்கிலாந்தில் பெல் என்ன சொன்னார்? ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவான கல்வி தர வேண்டியதில்லை, எழுதவும் கணக்குப் போடவும்கூட அவர்கள் எல்லோருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை என்று எழுதினார். வேறுபாடு பார்க்காமல் படிப்பைக் கொடுத்தால், உடலுழைப்புக்கு விதிக்கப்பட்டவர்களின் மனம் தங்கள் நிலைக்கு மேலே எழும்பிவிடும், அதனால் துயரப்படுவார்கள் என்பது அவருடைய கவலை. வேதத்தை வாசிக்கும் அளவுக்குப் படிப்பு வந்தால் போதும். லங்காஸ்டரைச் சந்தித்த மூன்றாம் ஜார்ஜ் மன்னரும், தம் ராஜ்யத்தில் ஒவ்வோர் ஏழைப் பிள்ளையும் பைபிள் வாசிக்க வேண்டும் என்றுதான் விரும்பினார்.

வாசிக்கத் தெரிந்தவன் பிறர் எழுதியதைக் கேட்டுக்கொள்பவன். எழுதத் தெரிந்தவன் கணக்குக் கேட்பான், மனு எழுதுவான். எழுத்தை முதலில் வைத்த ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து மணலை எடுத்துக்கொண்டுபோய், எழுத்து வேண்டாம் என்று சொல்லும் கல்விக்கு அதை அடிப்படையாக வைத்த காரியத்தை நான் எளிதில் கடந்துபோக முடியவில்லை. பள்ளிகள் பெருகின என்பது உண்மை. முன்பு பள்ளியே பார்க்காத லட்சக்கணக்கான பிள்ளைகள் எழுத்தை அறிந்தார்கள் என்பதும் உண்மை. பெற்றோர்கள் எழுத்தும் கணக்கும் கேட்டார்கள். பள்ளிகளும் நாளடைவில் அதற்கு இணங்கின. அந்தப் பெற்றோர்களுக்குத்தான் அதற்கான நன்றி சேர வேண்டும்.

முறை இந்தியாவுக்கும் திரும்பி வந்தது. 1814இல் வங்காளத்தின் சின்சுராவில் ராபர்ட் மே என்ற பாதிரியார் பெல்லின் முறையில் பள்ளி தொடங்கினார். அவருடைய பள்ளிகள் பெருகியபோது கும்பினி அரசு மானியமும் கொடுத்தது. எழும்பூரில் தெருவோரம் கிடந்தது, லண்டன் போய்வந்த பிறகு மானியத்துக்குத் தகுதி பெற்றது.

அப்படியானால் சொந்த ஊரில், மூலத் திண்ணைகளின் நிலை என்ன? அதை அறிய நமக்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822 ஜூன் 25 அன்று எல்லாக் கலெக்டர்களுக்கும் உத்தரவு அனுப்பினார். ஜில்லாவில் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள், எந்தச் சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கணக்கெடுக்கச் சொன்னார். பதில்கள் வந்து சேர இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1826 மார்ச் 10 தேதியிட்ட குறிப்பில் மன்றோ தொகுத்துச் சொன்னார்: ஏறக்குறைய 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். சென்னை நகரத்தில் பள்ளியில் படிப்பவர்கள் 5,523 பேர், வீட்டில் படிப்பவர்கள் 26,903 பேர் என்று கலெக்டர் எழுதியதில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே தயங்கினார். ஆனாலும் வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால் ஐந்திலிருந்து பத்து வயதுக்குட்பட்ட பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் படிக்கிறார் என்று மதிப்பிட்டார். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் சற்று முந்திய காலம்வரை இருந்த நிலையைவிட இது மேல் என்றும் எழுதினார்.

தரம்பால் 1983இல் இந்த அறிக்கைகளை முழுதாக அச்சிட்டு வெளியிட்ட பிறகு, இவை நம் பழம்பெருமைக்குச் சாட்சியாக அடிக்கடி மேடையேறுகின்றன. அவர் காட்டிய ஒரு செய்தி முக்கியமானது. தமிழ் ஜில்லாக்களில் படித்தவர்களில் பெரும்பான்மையினர் பிராமணரல்லாத பிள்ளைகள். கல்வி ஒரே சாதியின் கையில் இருந்தது என்ற எளிய சித்திரத்தை இந்த எண்கள் ஏற்பதில்லை.

ஆனால் அதே அட்டவணையில் இன்னொரு பத்தியையும் படிக்க வேண்டும். 1,88,650 பிள்ளைகளில் பெண்கள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. எழுத்தறிவு குலப்பெண்ணுக்கு அடுக்காது, ஆடல் மகளிருக்கே உரியது என்று ஊர் எண்ணியதை மன்றோ பதிவு செய்திருக்கிறார். தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கப்பட்ட மக்களுக்கு அட்டவணையில் தனிப் பத்தியே இல்லை; 'மற்றச் சாதிகள்' என்ற பொதுத் தலைப்பின் கீழ் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை. ஊர்த்தெருவில் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடந்த பள்ளி அது. சேரிப் பிள்ளை அந்தத் தெருவிலேயே நடக்க முடியாத ஊர்களில், திண்ணையில் ஏறி உட்கார்ந்திருப்பான் என்று யாரும் வாதாட முடியாது. திண்ணைப் பள்ளியின் கற்பிக்கும் திறனை நான் மதிக்கிறேன். அதன் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்று கேட்காமல் அந்த மதிப்பைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாடத்தைப் பற்றியும் கேம்ப்பெல்லுக்குக் கடுமையான குறை இருந்தது. பேச்சுமொழிக்கு எட்டாத பழஞ்செய்யுள்களைப் பிள்ளைகள் பொருள் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள், வாத்தியாருக்கே பொருள் தெரிவதில்லை என்றார். பல ஊர்களில் அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் புத்தகமே கைக்கு வராத ஊரில் மனப்பாடம்தான் நூலகம். ஐந்து வயதில் பொருள் தெரியாமல் உள்ளே போன செய்யுள், நாற்பது வயதில் ஒரு கஷ்டத்தின் நடுவே திடீரென்று பொருள் விளங்கி நிற்பதைத் திண்ணையில் படித்த தாத்தாக்கள் இருந்த வீடுகளில் வளர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அந்தப் பொருளை வாத்தியார் அன்றே சொல்லிக்கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்பதையும் மறுக்கவில்லை.

பள்ளிகள் ஏன் தேய்ந்தன? கேம்ப்பெல் தயங்காமல் காரணம் சொன்னார். ஐரோப்பியத் துணி வந்து குவிந்ததால் இங்கே நெசவை நம்பியிருந்தவர்கள் ஏழைகளாகிவிட்டார்கள். படைகள் உள்நாட்டிலிருந்து எல்லைக்குப் போனதால் தானிய வியாபாரம் படுத்துவிட்டது. தகப்பனுக்கு வாத்தியாருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. பையன் கொஞ்சம் வளர்ந்ததும் வேலைக்குப் போய்விடுகிறான். அவருடைய ஜில்லாவில் 533 பள்ளிகள், 6,641 பிள்ளைகள். அந்த 533இல் ஒன்றுக்குக்கூட இன்று அரசின் உதவி இல்லை என்று சொல்ல வெட்கப்படுகிறேன் என்று ஒரு கலெக்டர் மேலிடத்துக்கு எழுதினார்.

மன்றோவின் குறிப்பிலும் இது உண்டு. வாத்தியார்கள் பொதுவாக மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை. இந்த வருமானத்துக்குத் தகுதியானவர்கள் வரமாட்டார்கள் என்றார். அமாவாசை பௌர்ணமியில் கிடைக்கும் அரிசியும், நவராத்திரியில் பிள்ளைகளை வீடுவீடாக அழைத்துப்போய்ப் பாடவைத்துக் கிடைக்கும் காசும் சேர்ந்துதான் அந்தக் குடும்பங்கள் நடந்தன. ஜில்லாவுக்கு இரண்டு உயர்தரப் பள்ளி, தாசில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி என்று மன்றோ திட்டம் போட்டார். மொத்தம் 40 ஜில்லாப் பள்ளிகள், 300 தாசில் பள்ளிகள். திட்டம் கால் ஊன்றுவதற்குள் 1827 ஜூலையில் காலராவில் இறந்துபோனார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அதில் நாட்டமில்லை.

1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. 1860களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கு ஏற்ப மானியம் என்ற ஏற்பாடு நுழைந்தது. இன்ஸ்பெக்டர் வருவார், அச்சிட்ட பாடநூலைப் பையன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்வார், எத்தனை பிள்ளைகள் தேறினார்களோ அத்தனைக்கு வாத்தியாருக்குக் காசு. பசியில் இருந்த திண்ணை வாத்தியார் அதற்கு இணங்கினார். மணல் போய்ச் சிலேட்டு வந்தது. முந்திரியும் காணியும் பாடத்திட்டத்திலிருந்து படிப்படியாக விலகின. சட்டாம்பிள்ளை மட்டும் வகுப்புத் தலைவனாக உருமாறித் தப்பித்துக்கொண்டான்.

பெல் 1832இல் செல்டனமில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்விக்கென்று அவர் விட்டுப்போன சொத்து 1,20,000 பவுன். அதில் ஒரு பங்கில், அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸில் 1833இல் ஒரு பள்ளி திறந்தது. 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பெயரில் இன்றும் ஸ்காட்லாந்துப் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். எழும்பூர்க் காப்பகம் 1870களின் தொடக்கத்தில் உதகையின் லாரன்ஸ் காப்பகத்தோடு சேர்க்கப்பட்டது.

மன்றோவின் அட்டவணை காட்டிய அந்தப் பெண்பிள்ளைகளின் நிலையை மாற்ற, கணக்கெடுப்புக்கு முன்பே தெற்கே நாகர்கோவிலில் வேலை தொடங்கியிருந்தது. 1819இன் கடைசியில் அங்கே வந்து சேர்ந்த மார்த்தா மால்ட், பெண்களுக்குப் பள்ளி வைத்து, எழுத்தோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அவரிடம் படித்தவர்களில் பலர் திண்ணையை எட்டிப் பார்க்கவும் அனுமதிக்கப்படாத வீடுகளிலிருந்து வந்தவர்கள். அடுத்த இதழில் அங்கே போவோம்.